நீலப் பெட்டி செடாரும் ரொட்டி பெங்காலியும்: உங்கள் சீஸ் எது, எதோடு சாப்பிடுவீர்கள்?

பட்டர்வொர்த்_பெண் | சனி, காலை 9:40

எனக்குப் பிடித்த சீஸ் கிராஃப்ட் செடார். நீல நிற அட்டைப் பெட்டியில் வெள்ளித்தாள் சுற்றி வருமே, அதுதான். கோலாலம்பூருக்குக் குடிவந்த பிறகு பெரிய கடைகளில் பிரெஞ்சு, டச்சு, இத்தாலிய சீஸ் எல்லாம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். சில மிகவும் நன்றாக இருந்தன. ஆனாலும் காலையில் பசியாற ரொட்டியை எடுத்தால் கை போவது அந்த நீலப் பெட்டிக்குத்தான்.

அப்பாவுக்குப் பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை. சம்பளம் வந்ததும் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய் ரொட்டி பெங்காலி வாங்கி வருவார், கூடவே ஒரு பெட்டி சீஸ். கத்தியால் வெட்டினால் ஒட்டும், உடையும் என்று அம்மாவின் தையல் நூலை இரண்டு விரல்களில் சுற்றி இழுத்துப் பிடித்து சீஸை அறுப்பார். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் விழும். கடைசித் துண்டு யாருக்கு என்று எங்களுக்குள் சண்டை வராதபடி அதை இரண்டாகக் கிள்ளி எனக்கும் தம்பிக்கும் கொடுப்பார்.

ரொட்டி பெங்காலி தெரியாதவர்களுக்கு: பினாங்கு இந்திய முஸ்லிம்களின் பேக்கரிகளில் சுடுகிற கனமான வெள்ளை ரொட்டி. ஜாலான் டிரான்ஸ்ஃபரில் ஒரு பழைய பேக்கரி பல வருடமாக இதைச் சுடுகிறது. தடியாக அறுத்தாலும் உதிராது, குழம்பில் முக்கினாலும் கரையாது. பேரங்காடியில் விற்கும் மெல்லிய ரொட்டியில் நான் சொல்லப்போவதைச் செய்தால் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும்.

என் சாண்ட்விச் இதுதான். ரொட்டியைத் தடியாக அறுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தோசைக்கல்லில் வாட்டுங்கள். வாட்டிய பக்கம் உள்ளே வரவேண்டும். அப்போதுதான் சம்பாலின் எண்ணெய் ரொட்டிக்குள் இறங்காது. முந்தைய நாள் சம்பால் தூமிஸ் (எண்ணெயில் வதக்கிய மிளகாய் விழுது) மீதி இருந்தால் ஒரு கரண்டி தடவி, மேலே சீஸ், அதன்மேல் வெள்ளரிக்காய். மூடி அப்படியே கடிக்க வேண்டியதுதான். சம்பாலில் புளி, காய்ந்த மிளகாய், வெங்காயத்தின் இனிப்பு மூன்றும் இருக்கும். அதற்கு உப்பும் கொழுப்பும் சேர்ந்த ஒன்று வேண்டும், வாசனையில் போட்டி போடாத ஒன்று. இந்த சீஸ் அதைச் செய்கிறது.

உங்கள் சீஸ் எது? எதோடு?

செந்தூல்காரன் | சனி, காலை 10:15

அக்கா, சார்டினை விட்டுவிட்டீர்களே. தக்காளிக் குழம்பில் வரும் சார்டின் டின்னைத் திறந்து குழம்பைத் தனியே வடித்துவிட வேண்டும். மீனை நசுக்கி, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, இரண்டு ரொட்டிக்கு நடுவில் சீஸோடு வைத்து வாட்டுங்கள். வடித்த குழம்பைக் கொட்டாதீர்கள், தொட்டுக்கொள்ள அதுதான்.

இன்னொன்று, ராத்திரி வேலை முடிந்து வரும்போது ஒட்டுக்கடையில் ராம்லி பர்கர். ஆயாம் ஸ்பெஷல், அதாவது கோழிக்கறியை முட்டையில் சுற்றியது, சீஸ் போட்டு. கறியை முட்டைக்குள் வைத்து மடிக்கும்போது சீஸும் உள்ளே போய்விடும். முட்டையின் சூடே அதை இளக வைக்கும். வீட்டில் ரொட்டியில் இதைச் செய்யும்போது முட்டையை மெல்லிய அடையாக ஊற்றி, நடுவில் சீஸ் வைத்து நான்கு பக்கமும் மடித்துவிடுகிறேன். ஒழுகாது.

சோமர்செட்_நினைவு | சனி, மதியம் 1:05

அம்மா சமைத்த சோற்றுக்கு இணையில்லை என்பது போலத்தான் சிறு வயது சீஸும். அதை மதிக்கிறேன். ஆனால் அந்த நீலப் பெட்டியை மட்டும் சாப்பிட்டுவிட்டு செடார் தெரியும் என்று யாரும் நிற்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில், பிரிஸ்டலில் படித்தேன். அங்கிருந்து பஸ் ஏறினால் செடார் கிராமம் பக்கம்தான், சோமர்செட் மாவட்டத்தில். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கும், நடுவே பாதை போகும். பாறைக்குள் குகைகள், உள்ளே வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி. இன்றும் அந்தக் குகையில் சீஸை வைத்துப் பழுக்க விடுகிறார்கள்.

செய்முறையைப் பார்த்தபோதுதான் அதன்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. பாலை உறையவைத்து, தயிர்க்கட்டியை வெட்டி, சூடாக்கி, நீரை இறக்கிவிட்டு, மீதிக் கட்டியைப் பலகை போல அறுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். சற்று நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி மறுபடி அடுக்குவார்கள். தன் பாரத்திலேயே நீர் பிழிந்து போகும், புளிப்பும் ஏறும். அப்புறம் அரைத்து, உப்புப் போட்டு, துணி சுற்றி அழுத்தி, மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். ஒரு கிலோ சீஸுக்குப் பத்து லிட்டர் பால் போகிறது. ஒரு வருடம் கழித்து வெட்டினால் கொட்டை வாசனை, கொஞ்சம் புல் வாசனை, நாக்கின் ஓரத்தில் சுரீரென்ற புளிப்பு. பல்லில் நறுக்கென்று சின்னப் படிகங்கள் கூட அகப்படும்.

அங்கே அதைச் சூடாக்காமல், தடி ரொட்டி, வெண்ணெய், கறுப்பு நிற இனிப்புப் புளிப்பு ஊறுகாய் வைத்து மதியச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள். நான் அந்த இடத்தில் நம்முடைய மாங்காய் ஊறுகாயை வைத்தேன். அம்மா பொட்டலம் கட்டி அனுப்பியது, நல்லெண்ணெய் மேலே நிற்கும். பழுத்த செடார், வெண்ணெய், மாங்காய் ஊறுகாய், வட்டமாக அறுத்த பச்சை வெங்காயம். இதற்கு மேல் ஒரு சாண்ட்விச் எனக்குத் தெரியாது. நீலப் பெட்டியில் இதைச் செய்து பாருங்கள், ஊறுகாய் மட்டும்தான் தெரியும், சீஸ் காணாமல் போகும்.

பட்டர்வொர்த்_பெண் | சனி, மதியம் 1:50

உங்கள் மாங்காய் ஊறுகாய் யோசனையை இப்போதே எழுதி வைத்துக்கொண்டேன். ஆறிய ரொட்டியில், சூடு காட்டாமல் சாப்பிட, பழுத்த செடார்தான். மறுக்கவில்லை. ஆனால் சூட்டில் நிலைமை வேறு. பழுத்த செடாரைக் கல்லில் வாட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், மணல் மாதிரிப் பருக்கை ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறது. நீலப் பெட்டி அப்படிப் பிரிவதே இல்லை. மலிவு என்பதற்காக மட்டும் அப்பா அதை வாங்கவில்லை, அந்த வேலைக்கு அதுதான் சரி.

பிஜே_ஆய்வகம் | சனி, மாலை 4:30

உணவுத் தொழில்நுட்பம் என் வேலை, இதில் சில விஷயங்கள் சொல்ல முடியும்.

அக்கா சொன்ன பிரிவு ஏன் என்று புரிய, சுண்ணாம்புச் சத்திலிருந்து, அதாவது கால்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். பாலின் புரதமான கேசீனை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது கால்சியம். இளம் செடாரில் அந்தப் புரதம் நீண்ட வலையாக இருக்கும், சூடு பட்டால் நெகிழும், கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். பழுக்கப் பழுக்க நொதிகள் அந்த வலையைத் துண்டு துண்டாக்கிவிடுகின்றன. சுவை வருவது அதனால்தான். அதே காரணத்தால்தான் சூட்டில் கொழுப்பைத் தாங்க ஆளில்லாமல் எண்ணெய் கழன்று ஓடுகிறது.

1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸோடு சோடியம் சிட்ரேட் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். சிட்ரேட் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கட்டு அவிழ்ந்த புரதம் தண்ணீரையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் எவ்வளவு இளக்கினாலும் வழுவழுப்பு போவதில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்கு 1916இல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போரில் அந்த சீஸ் தகரத்தில் அடைத்து அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போனது.

ஆக, நீலப் பெட்டிக்குள் இருப்பதும் செடாரை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான். சூடாக்கும்போது கிருமிகளும் நொதிகளும் ஓய்ந்துவிடுவதால் அதற்குமேல் பழுக்காது. திறக்காத வரை நம் ஊர் வெப்பத்தையும் தாங்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. விலை மிகக் குறைந்த சில துண்டுகளில் சீஸைவிடத் தாவர எண்ணெயும் மாவும்தான் அதிகம். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் முதல் சொல் சீஸ் என்று இருந்தால் வாங்குங்கள்.

கெடா_வாத்தியார் | சனி, இரவு 8:20

தகரத்தில் அடைத்து அனுப்பினார்கள் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. நான் பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டும் லயத்துப் பிள்ளைகளுக்கு சீஸ் என்பது கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு ஜன்னலில் தெரியும் வட்டத் தகரம்தான். எங்கள் லயத்தில் யாருக்கும் ஐஸ்பெட்டி கிடையாது. இருந்தாலும் அந்தத் தகரம் கெடாமல் இருந்தது, ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

கிராணியின் மனைவிக்கு என் அம்மா துணி வெளுத்துக் கொடுப்பார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனபோது அந்த அம்மா எனக்கு கிரீம் கிராக்கரின் மேல் ஒரு துண்டு சீஸ் வைத்து, கோப்பி ஓ, பால் சேர்க்காத கோப்பி, ஊற்றிக் கொடுத்தார். கசப்பான கோப்பியும் உப்பான சீஸும் சேர்ந்த அந்த வாய்ச்சுவை எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு தகரம் சீஸ் வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தகரத்தைத் திறந்து காட்டினார்.

பிள்ளைகளே, கிராக்கரைக் கோப்பியில் முக்காமல், கோப்பியைத் தனியாகக் குடியுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி.

பட்டர்வொர்த்_பெண் | சனி, இரவு 8:45

ஐயா, உங்கள் அம்மா திறந்து காட்டியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி.

விரதக்காலம் | ஞாயிறு, காலை 7:30

எல்லோரும் நாவில் நீர் ஊற எழுதுகிறீர்கள். என் கேள்வி வேறு. புரட்டாசி முழுக்கச் சைவம், தைப்பூசத்துக்கும் விரதம் இருப்பேன். சீஸ் பால்தானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மகள் இணையத்தில் பார்த்துவிட்டு, அதில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது சேர்கிறது என்கிறாள். உண்மையா? ஹலால் முத்திரை இருந்தால் போதுமா?

பிஜே_ஆய்வகம் | ஞாயிறு, காலை 9:10

அக்கா, உங்கள் மகள் சொல்வது சரி. பாலை உறையவைக்கும் ரெனட் என்ற நொதி மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்துதான் வந்தது. இன்று பெரும்பாலான செடார் அப்படி இல்லை. பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதி ஒரு வகை. ரெனட்டின் முக்கிய நொதியான கைமோசினையே நுண்ணுயிரை வைத்து நொதிக்கச் செய்து தயாரிப்பது இன்னொரு வகை. பின்னதை அமெரிக்காவில் 1990இல் அனுமதித்தார்கள், அதன்பின் உலகமெங்கும் பரவிவிட்டது.

ஹலால் முத்திரை உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. முறைப்படி அறுத்த கன்றிலிருந்து எடுத்த ரெனட்டும் ஹலால்தான், ஆனால் சைவம் இல்லை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்று ரெனட்தான் போடவேண்டும் என்பது அவர்கள் விதி, எனவே விரத நாளில் அது வேண்டாம். பொட்டலத்தில் ‘மைக்ரோபியல் ரெனட்’ என்றோ சைவத்துக்கு உகந்தது என்றோ இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். எதுவுமே எழுதவில்லை என்றால், விரதம் முடியட்டும்.

கவலையே இல்லாத வழி பன்னீர். எலுமிச்சைச் சாறு ஊற்றித் திரித்தது, ரெனட்டுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் புளிப்பில் கால்சியம் கரைந்து, புரதம் ஒன்றோடொன்று இறுகத் திரண்டுவிடுவதால் பன்னீர் எவ்வளவு சூட்டிலும் இளகாது. சாண்ட்விச்சில் உருகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், இரண்டு பக்கமும் சிவக்கப் பொரித்து வையுங்கள்.

விரதக்காலம் | ஞாயிறு, காலை 9:35

தெளிவாகிவிட்டது தம்பி. சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது) போடாமல் செய்துகொள்கிறேன், பன்னீரோடு.

பிரிக்ஃபீல்ட்ஸ்_தந்தூர் | ஞாயிறு, மதியம் 3:15

எங்கள் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடையில் தந்தூர் அடுப்புப் பக்கம் நிற்பவன் நான். உள்ளே சீஸ் வைத்த ‘நான்’ ரொட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. கோலாலம்பூரில் ராத்திரி கடைக்கு வருகிற இளையவர்கள் தே தாரேக்குக்கு (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) அடுத்தபடி கேட்பது அதைத்தான்.

நாங்கள் உள்ளே வைப்பது ஒரே சீஸ் இல்லை. இழுத்தால் நூலாக வருவதற்கு மொசரெல்லா. ஆனால் அதற்கு உப்பும் வாசமும் குறைவு, அதனால் துருவிய செடாரும் கலப்போம். நீரில் மிதந்து வரும் புது மொசரெல்லா வேண்டவே வேண்டாம், மாவை நனைத்துவிடும். ஈரம் குறைந்த கட்டிதான் சரி. மாவின் ஓரங்களை மேலே கொண்டுவந்து நன்றாகக் கிள்ளி மூடுங்கள். ஓட்டை இருந்தால் சீஸ் அடுப்புச் சுவரில் வழிந்து கருகும், அடுத்த ரொட்டிக்கும் அந்த வாடை ஏறும்.

வீட்டில் சாண்ட்விச்சுக்கும் இதே கலவை போதும். துருவிப் போடுங்கள், துண்டாக வைத்தால் நடு இளகுவதற்குள் ரொட்டி கருகும். தீயைக் குறைத்து, கல்லின்மேல் மூடி போட்டு, பொறுமையாக. மீதமான உருளைக்கிழங்கு மசால் இருந்தால் உள்ளே வையுங்கள். மசாலுக்கு உப்பு குறைவாக இருக்கட்டும், சீஸில் தேவையானது இருக்கிறது.

செந்தூல்காரன் | ஞாயிறு, மாலை 5:00

அண்ணே, உருளைக்கிழங்கு மசாலோடு புதினாச் சட்டினியும் தடவுங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

ஆயர்_ஈத்தாம் | ஞாயிறு, மாலை 6:40

பினாங்கிலிருந்து ஒரு ஓட்டு: ஞோஞ்ஞா அச்சார். காய்கறி, அன்னாசி, வேர்க்கடலை, எள்ளு எல்லாம் போட்ட புளிப்பு ஊறுகாய். ரொட்டி பெங்காலி, செடார், நன்றாகப் பிழிந்த அச்சார். மொறுமொறுப்பு சீஸுக்கு வெகு பொருத்தம்.

ஒரு சந்தேகமும் உண்டு. என் கணவருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புகிறது. சீஸ் சாப்பிடலாமா? வாங்கிய கட்டி இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கிறது, அதற்கு என்ன செய்வது?

பிஜே_ஆய்வகம் | ஞாயிறு, இரவு 9:00

பழுத்த செடாரில் பால் சர்க்கரை மிகமிகக் குறைவு. பெரும்பகுதி நீரோடு வடிந்துவிடுகிறது, மீதியை நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. பாலுக்கு உப்பும் வயிறு பெரும்பாலும் அதைத் தாங்கும், சிறிதாகத் தொடங்கட்டும். பதப்படுத்திய சீஸில் பால்பொடி சேர்த்திருந்தால் கதை மாறும், பட்டியலைப் பாருங்கள்.

பூஞ்சைக்கு: பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் ஈரம் வெளியே போக வழியில்லை. வெண்ணெய்த்தாளில் சுற்றி, அதை ஒரு டப்பாவில் வையுங்கள். கையால் தொடாமல் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கெட்டிச் சீஸில் ஓர் இடத்தில் பூத்திருந்தால் அதைச் சுற்றியும் ஆழத்திலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான சீஸ், துருவிய சீஸ் என்றால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். பெரிய கட்டியைத் துருவி உறைய வைப்பதும் நல்லது. உறைந்த சீஸ் கடித்துச் சாப்பிட உதிரியாகிவிடும், இளக்குவதற்குக் குறையில்லை.

சோமர்செட்_நினைவு | திங்கள், இரவு 7:55

இன்று ஒன்று செய்து பார்த்தேன், எல்லோருக்கும் பயன்படும். ஆய்வகத் தம்பி சொன்னதைப் படித்ததிலிருந்து பழுத்த செடாரைப் பிரியாமல் இளக்கும் வழி தேடினேன். தே சி என்ற தேநீர் போட வாங்கி வைத்திருந்த சூசு சாயர் (நீர் வற்றவைத்த டின் பால்) கண்ணில் பட்டது. துருவிய செடாரில் ஒரு தேக்கரண்டி சோளமாவு பிசறி, அந்தப் பாலில் போட்டுச் சிறுதீயில் கிளறினேன். கொஞ்சம்கூடப் பிரியவில்லை. நாட்பட்ட செடாரின் புளிப்பு அப்படியே இருக்க, ஊற்றும் பதத்தில் வழுவழுவென்று வந்தது.

அதை ரொட்டி பெங்காலித் துண்டின்மேல் ஊற்றி, பட்டர்வொர்த் அக்காவின் சம்பாலை மேலே வைத்து அடுப்பில் மேல்தீயில் காட்டினேன். சம்பால் இந்த சீஸிடம் தோற்கவில்லை, சீஸும் சம்பாலிடம் தோற்கவில்லை. சூட்டுக்கு நீலப் பெட்டிதான் வேண்டும் என்ற வாதத்துக்கு இது என் பதில்.

பட்டர்வொர்த்_பெண் | திங்கள், இரவு 8:30

செய்து பார்க்கிறேன், நிச்சயமாக. ஆனால் உங்கள் சட்டியில் சோளமாவும் பாலும் செய்கிற வேலையை என் பெட்டியில் சிட்ரேட் செய்துவிடுகிறது. வேலைக்குப் போகும் காலை நேரத்தில் எனக்கு அடுப்பில் இன்னொரு சட்டி வைக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களது, மற்ற நாள் என்னுடையது.

சோளமாவு தேக்கரண்டி ஒன்று என்றீர்கள், சீஸ் எவ்வளவுக்கு?

சோமர்செட்_நினைவு | திங்கள், இரவு 8:42

துருவியது இரண்டு கைப்பிடி, பால் அரைக் கோப்பை. கொதிக்க விடாதீர்கள், ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கிவிடுங்கள். கெட்டியாகிவிட்டால் பால் மட்டும் சேருங்கள், தண்ணீர் வேண்டாம்.